பில்ட் முறிந்த பிறகு கணினியில் மிஞ்சுவது: சில பேக்கேஜ் மேனேஜர்கள் குறித்த மதிப்புரை

மென்பொருள்களையும் அவற்றுக்குத் தேவையான துணை நிரல்களையும் இறக்கி நிறுவும் பேக்கேஜ் மேனேஜர்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் எது வேகமாக நிறுவுகிறது, எதில் அதிக மென்பொருள்கள் கிடைக்கின்றன என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து உருவாக்கும்போது பில்ட் எனப்படும் அந்த உருவாக்க வேலை பாதியில் முறிந்தால், அதற்காக அதுவரை இறக்கி நிறுவிய சார்பு பேக்கேஜ்களை (அம்மென்பொருள் நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களை) அந்த மேனேஜர் என்ன செய்கிறது என்பதை எவரும் விரிவாகப் பேசுவதில்லை. அவற்றை அப்படியே விட்டுவிடுகிறதா, யாருக்காக வந்தவை என்று குறித்து வைக்கிறதா, அடுத்த முறை மீண்டும் இறக்கச் சொல்கிறதா, தோல்வியின் உண்மையான காரணத்தைக் கண்ணில் படும்படி காட்டுகிறதா என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, நான் அன்றாடம் கையாளும் சில பேக்கேஜ் மேனேஜர்களை இங்கே மதிப்பிடுகிறேன்.

இக்கேள்விகள் எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இடமும் ஒரு காரணம். கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி மையத்தின் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, அரூர் பக்கங்களிலிருந்து வரும் மாணவர்களில் சிலர் கொண்டுவருவது, தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கி, வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினி. வீட்டில் அவர்களுக்கு இணையம் என்பது கைபேசியின் ஹாட்ஸ்பாட்; அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான். பெங்களூரில் அதிவேக இணைப்பில் வேலை செய்பவருக்குத் தோற்ற பில்ட் என்பது சில நிமிட எரிச்சல். இவர்களுக்கோ அது ஒரு நாள் இழப்பு.

முதலில் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் விநியோகங்களின் ஆப்ட். எங்கள் மையத்தில் பெரும்பாலான இயந்திரங்கள் இதில்தான் ஓடுகின்றன. பழைய தமிழ் ஆவணங்களின் படங்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கப் பயன்படும் டெஸ்ஸராக்டை எடுத்துக்கொள்வோம். ஆயத்தமாகக் கிடைக்கும் பேக்கேஜே பலருக்குப் போதுமானது. ஆனால் நிரலில் ஒரு மாற்றம் செய்து பார்க்க விரும்பும் மாணவர் அதை மூலநிரலிலிருந்துதான் உருவாக்க வேண்டும். அதற்கு லெப்டோனிகா என்ற படச்செயலாக்க நூலகம் கட்டாயம். பயிற்சிக் கருவிகளையும் சேர்த்து உருவாக்குவதென்றால் ஐசியு, பாங்கோ, கெய்ரோ ஆகிய எழுத்து, வரைகலை நூலகங்களின் மேம்பாட்டுக் கோப்புகளும் தேவை. ‘ஆப்ட் பில்ட்-டெப் டெஸ்ஸராக்ட்’ என்ற ஒரே கட்டளை இவற்றையும், இவை சார்ந்திருக்கும் வேறு பலவற்றையும் இழுத்து வந்து நிறுவிவிடுகிறது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பில்ட் முறிந்த பின்புதான் ஆப்டின் குறை தெரிகிறது. பில்ட்-டெப் கட்டளையைப் பொறுத்தவரை, சார்புகளை நிறுவியதோடு அதன் கடமை முடிந்தது. அதன் பிறகு நடக்கும் பில்ட் வென்றதா தோற்றதா என்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வந்திறங்கிய பேக்கேஜ்கள் எல்லாம் அப்படியே கிடக்கும். எந்த மென்பொருளுக்காக அவை வந்தன என்ற முடிச்சு சார்புத் தரவுத்தளத்தில் எங்கும் இல்லை. வரலாற்றுப் பதிவுக் கோப்பைத் திறந்து, அன்று என்ன கட்டளை கொடுத்தோம், அதனால் எவை நிறுவப்பட்டன என்று கையால் தேடி எடுக்க வேண்டும். மாணவர்கள் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அந்த மடிக்கணினியில் வட்டு நிரம்பிவிட்டது என்று வந்து நிற்பார்கள்.

இதற்கு டெபியன் உலகிலேயே நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் என்ற பேக்கேஜில் வரும் ‘எம்கே-பில்ட்-டெப்ஸ்’ என்ற கருவி, மூலநிரலின் கண்ட்ரோல் கோப்பில் எழுதியிருக்கும் பில்ட் சார்புகளைப் படித்து, அவை அனைத்தையும் சார்ந்திருக்கும் ஒரு போலி பேக்கேஜை உருவாக்குகிறது. இதற்கு ஈக்விவ்ஸ் என்ற பேக்கேஜும் உடன் இருக்க வேண்டும். அந்தப் போலி பேக்கேஜை நிறுவினால் சார்புகள் எல்லாம் அதன் பெயரில் வந்து சேரும். வேலை முடிந்தாலும் சரி, முறிந்தாலும் சரி, அந்த ஒன்றை நீக்கி, கூடவே தானியங்கி நீக்கத்தையும் சொன்னால் போதும், அதற்காக வந்தவை அனைத்தும் போய்விடும். வேறொன்றுக்குத் தேவைப்படுபவையும், நாமே முன்னர் கேட்டு நிறுவியவையும் தங்கிவிடும். கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்களை ஒரே சீட்டில் எழுதி வைத்து, பந்தி முடிந்ததும் சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு இது. ஆல்பைன் லினக்ஸின் ஏபிகே இதையே ‘விர்ச்சுவல்’ என்ற விருப்பத்தின் மூலம் தன் அடிப்படைக் கட்டளையிலேயே வைத்திருக்கிறது. மென்பொருளையும் அதன் சூழலையும் ஒன்றாகக் கட்டித்தரும் டாக்கர் படிமங்களை உருவாக்குபவர்கள் அதை நன்கு அறிவார்கள். ஃபெடோராவின் டிஎன்எஃப் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறது: ஒவ்வொரு நிறுவலையும் எண்ணிட்ட பரிவர்த்தனையாகப் பதிந்து வைத்து, ‘ஹிஸ்டரி அன்டூ’ என்று அந்த எண்ணைக் கொடுத்தால் அதைத் திருப்பிவிடுகிறது. இவ்விரண்டோடு ஒப்பிடும்போது, ஆப்ட் இந்த வசதியைத் தனியே தேடிப் போய் நிறுவ வேண்டிய கருவிக்குள் வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

ஆப்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1.2 பதிப்பு முதல், ‘ஆப்ட்’ என்ற கட்டளை நிறுவி முடித்தவுடன் இறக்கிய டெப் என்ற பேக்கேஜ் கோப்புகளை அழித்துவிடுகிறது. பழைய ‘ஆப்ட்-கெட்’ அவற்றை வைத்திருக்கும். சுத்தம் செய்துவிட்டு மறுநாள் மீண்டும் முயல்பவருக்கு இந்த வேறுபாடு கைபேசி டேட்டாவில் நேரடியாகத் தெரியும். எங்கள் மையத்தில் ஓர் இயந்திரத்தில் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஓடவிட்டு, மற்ற இயந்திரங்கள் எல்லாம் அதன் வழியாகவே இறக்கும்படி வைத்திருப்பதால் ஒரு கோப்பு ஒருமுறைக்கு மேல் வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டில் ஒற்றை மடிக்கணினி வைத்திருப்பவர்கள் ஆப்ட்-கெட்டையே பயன்படுத்தட்டும்.

அடுத்தது பைத்தான் மொழியின் பிப். இதன் பெயரைக் கெடுத்துப் பேசுபவர்கள் அதிகம். நான் ஆய்ந்த கோணத்தில் மட்டும் பார்த்தால் இது பலர் நினைப்பதைவிட ஒழுங்கானது. தேவைப்படும் பேக்கேஜ்கள் அனைத்தையும் முதலில் திரட்டி, உருவாக்க வேண்டியவற்றை வீல் என்ற நிறுவல் வடிவத்துக்கு மாற்றி முடித்த பிறகே ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்குகிறது. எனவே பட்டியலில் இணையதளங்கள் எழுத உதவும் ஜாங்கோவும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் சைகாப்ஜி2-உம் இருந்து, சைகாப்ஜி2-இன் பில்ட் தோற்றால், ஜாங்கோவும் நிறுவப்படாது. “ஜாங்கோவில் என்ன தவறு, அது ஏன் வரவில்லை?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஜாங்கோவில் ஒரு தவறும் இல்லை. அரைகுறையாக நிறுவிவிட்டு ஒதுங்குவதைவிட ஒன்றையும் தொடாமல் நிற்பதே மேல். இறக்கிய கோப்புகள் தற்சேமிப்பில் இருப்பதால், காரணத்தைச் சரிசெய்து மீண்டும் கட்டளை கொடுக்கும்போது பெரும்பகுதி மறுபடி இறங்குவதில்லை.

பில்டுக்கு மட்டும் தேவைப்படும் செட்டப்டூல்ஸ், சைத்தான் போன்ற உருவாக்கக் கருவிகளைப் பிப் தற்காலிகமான தனிச் சூழலில் நிறுவி, வேலை முடிந்ததும் அச்சூழலையே அழித்துவிடுகிறது. தோற்றாலும் நம் சூழலில் குப்பை சேராது. ஆனால் இந்த நல்ல வடிவமைப்புக்குள் ஒரு பொறி இருக்கிறது. அத்தற்காலிகச் சூழலுக்குள் எந்தப் பதிப்பு வர வேண்டும் என்பதை பேக்கேஜை எழுதியவர் கட்டுப்படுத்தாமல் விட்டிருந்தால், அன்று கிடைக்கும் புதிய பதிப்பே வந்து சேரும். 2023 ஜூலையில் சைத்தான் 3.0 வெளிவந்தபோது, பைஒய்ஏஎம்எல் என்ற பைத்தான் பேக்கேஜின் 5.4, 6.0 பதிப்புகளை மூலநிரலிலிருந்து உருவாக்கும் பில்டுகள் உலகெங்கும் முறிந்தது இதனால்தான். முந்தைய நாள் ஓடிய அதே கட்டளை, நம் பக்கம் ஒரு வரிகூட மாறாமல், மறுநாள் தோற்றது. நம் சூழலில் சைத்தானின் பழைய பதிப்பை நிறுவி வைத்தாலும் பயனில்லை, ஏனெனில் தனிச் சூழல் அதைப் பார்ப்பதே இல்லை. எந்தப் பதிப்பு வரலாம் என்று வரம்பிடும் கன்ஸ்ட்ரெயின்ட் கோப்பு ஒன்றைச் சூழல் மாறியின் (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பின்) வழியாகக் கொடுத்தவர்கள் அன்று தப்பித்தார்கள். 6.0.1 பதிப்பு வந்த பின்பு, அதற்கு மாறியவர்களுக்குச் சிக்கல் தீர்ந்தது.

பிப்பிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் அது பிழையைச் சொல்லும் விதம். சைகாப்ஜி2-ஐ மூலநிரலிலிருந்து உருவாக்க முயன்று தோற்கும்போது, ‘பிஜி_கான்ஃபிக்’ என்ற நிரலைக் காணவில்லை என்றும், அதற்குப் பதில் சைகாப்ஜி2-பைனரியை நிறுவலாம் என்றும் அந்த பேக்கேஜே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த வரி நீண்ட வெளியீட்டின் நடுவே புதைந்துவிட, முனையத்தின் அடியில் மிஞ்சுவது, இந்தப் பிழை துணைச்செயல்பாடு ஒன்றிலிருந்து வந்தது, பெரும்பாலும் பிப்பின் குறை அல்ல என்ற குறிப்பு. தன்மேல் பழி இல்லை என்று சொல்வதில் காட்டும் அக்கறையை, எந்தக் கோப்பு இல்லை என்பதைக் கீழே கொண்டுவருவதிலும் காட்டியிருக்கலாம். டெபியனில் லிப்பிக்யூ-டெவ் என்ற பேக்கேஜை நிறுவினால் தீரும் சிக்கலுக்கு மாணவர்கள் பைத்தானையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியதைப் பார்த்திருக்கிறேன். மையத்தில் இப்போது ஓர் இயந்திரத்தில் ‘பிப் வீல்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒருமுறை உருவாக்கி, கிடைக்கும் வீல் கோப்புகளைப் பென்டிரைவில் கொடுத்தனுப்புகிறோம். இயங்குதளமும் பைத்தான் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2020 அக்டோபரில் வந்த 7-ஆம் பதிப்புக்குப் பின், நிறுவல் முறிந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அது முயல்கிறது. அந்த அளவில் நன்று. ஆனால் விருப்பச் சார்பு என்று குறிக்கப்பட்ட பேக்கேஜின் பில்ட் தோற்றால் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். அதே 7-ஆம் பதிப்பிலிருந்து சார்புகளின் ஸ்கிரிப்ட் வெளியீடும் இயல்பாகத் திரையில் காட்டப்படுவதில்லை. நிறுவல் வென்றதாகச் சொல்லி, நிரலை இயக்கும்போதுதான் குறிப்பிட்ட தொகுதியைக் காணவில்லை என்று முறிகிறது. இந்த மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ரஸ்ட் மொழியின் கார்கோ இதற்கு நேரெதிர். ‘கார்கோ இன்ஸ்டால்’ தோற்றால், கம்பைல் செய்ய முடியவில்லை என்பதோடு, இடையில் உருவான கோப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன என்றும், அடுத்த முறை அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள எந்தச் சூழல் மாறியை அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய மடிக்கணினியில் கிரேட் எனப்படும் ரஸ்ட் பேக்கேஜ்கள் பலவற்றைக் கம்பைல் செய்து முக்கால் தூரம் வந்து முறிந்த பில்டை விட்ட இடத்திலிருந்து தொடர இதைவிட நல்ல உதவி இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் இல்லாமல் தோற்றால், உபுண்டுவில் எந்தப் பெயரில், ஃபெடோராவில் எந்தப் பெயரில் அதை நிறுவ வேண்டும் என்றுகூட அந்நூலகத்தை இணைக்கும் கிரேட்டை எழுதியவர்கள் செய்தியில் சேர்த்திருக்கிறார்கள். குறை ஒன்று உண்டு: ஒரு கிரேட் தோற்றவுடன், ஏற்கெனவே தொடங்கிய மற்ற வேலைகள் முடியும்வரை கார்கோ காத்திருப்பதால், உண்மையான பிழைச் செய்தி மேலே போய்விடுகிறது. கடைசி வரியை மட்டும் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

ஜென்டூ லினக்ஸின் போர்ட்டேஜ் இந்த மதிப்புரையின் அளவுகோலில் எல்லாவற்றையும்விட முன்னே நிற்கிறது. அதில் வியப்பில்லை, மென்பொருள்களை இயல்பாகவே மூலநிரலிலிருந்து உருவாக்கும் விநியோகம் என்பதால், பில்ட் தோல்வி என்பதை அது விதிவிலக்காகக் கருதாமல் அன்றாட நிகழ்வாகவே கருதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பேக்கேஜும் முதலில் தனி அடைவில் உருவாகி, அங்கேயே ஒரு போலிக் கோப்பு மரத்துக்குள் நிறுவப்பட்டு, அது முழுதாக முடிந்த பிறகே உண்மையான இயங்குதளத்தோடு சேர்க்கப்படுகிறது. இடையில் முறிந்தால், அந்தத் தனி அடைவும் பதிவுக் கோப்பும் நாம் ஆராய்வதற்காக அப்படியே இருக்கும். பதிவுக் கோப்பின் முழுப் பாதையையும் போர்ட்டேஜின் எமர்ஜ் கட்டளை திரையிலேயே காட்டிவிடும். வெற்றி பெற்றால் அடைவு தானாக நீங்கிவிடும். இறக்கிய மூலநிரல் கோப்புகள் வேறு இடத்தில் தங்குவதால் மறு முயற்சிக்கு டேட்டா செலவில்லை. இரவில் ‘ஃபெட்ச்ஒன்லி’ என்று சொல்லி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, பகலில் இணையமே இல்லாமல் உருவாக்கலாம்.

போர்ட்டேஜின் ‘கீப்-கோயிங்’ விருப்பம் தனியே பாராட்டத்தக்கது. நீண்ட பட்டியலில் ஒரு பேக்கேஜ் தோற்றால், மீதமுள்ளவற்றின் சார்புகளை அது மீண்டும் கணக்கிட்டு, தோற்றதை நம்பியிருப்பவற்றை மட்டும் பட்டியலிலிருந்து விலக்கி, மற்றவற்றைத் தொடர்ந்து உருவாக்குகிறது. இறுதியில் எவை தோற்றன என்று தொகுத்துச் சொல்கிறது. இந்த விருப்பம் இல்லாமல் ஓட்டியிருந்தாலும், முறிந்த இடத்தில் உள்ளதைத் தாண்டி மீதியைத் தொடர ‘ரெஸ்யூம்’, ‘ஸ்கிப்ஃபர்ஸ்ட்’ என்ற இரண்டும் இருக்கின்றன. கடைசிப் பேக்கேஜ் தோற்றதால் அநாதையாகிப்போன சார்புகளை ‘டெப்க்ளீன்’ கண்டுபிடித்து நீக்கும். ஆர்ச் லினக்ஸின் பேக்மேனும் சார்பாக வந்தவற்றையும் நாமே கேட்டு நிறுவியவற்றையும் பிரித்துக் குறித்து வைப்பதால், அநாதைகளை ஒரே கட்டளையில் பட்டியலிட்டுவிடும். தொடர்ந்து ஓடும் இந்தத் திறமை மட்டும் அதில் இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும், பழைய மடிக்கணினியில் ஜென்டூவை நிறுவ நான் எவரையும் தூண்ட மாட்டேன். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து ஆயத்த பைனரிகளும் பரவலாகக் கிடைத்தாலும், பெரிய உலாவி ஒன்றை அந்த இயந்திரத்தில் மூலநிரலிலிருந்து உருவாக்குவது நடக்கிற காரியமில்லை.

நிக்ஸ் வேறொரு தத்துவம். ஒவ்வொரு பேக்கேஜும் அதன் உள்ளீடுகளிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற தனித்த குறியீட்டைப் பெயரில் தாங்கி, ஸ்டோர் என்ற தனி அடைவில் உட்கார்ந்திருக்கும். பில்ட் தோற்றால் அதன் வெளியீடு ஸ்டோரில் செல்லுபடியாகாது, பயனரின் சூழலோ முந்தைய தலைமுறையிலேயே அசையாமல் இருக்கும். தோற்ற பில்டுக்காக வந்த சார்புகளை வேறெதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் குப்பை சேகரிப்புக் கட்டளை அவற்றை அகற்றிவிடும். அகற்றாமல் விட்டால் அடுத்த முயற்சிக்கு அப்படியே உதவும். தோற்ற அடைவைத் திறந்து பார்க்க ‘கீப்-ஃபெயில்ட்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது எரிச்சலான விஷயம். ஏனெனில் தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே எவருக்குத் தெரியும்? போர்ட்டேஜ் இங்கே நிக்ஸைவிடப் பயனர் மனம் அறிந்தது. வடிவமைப்பில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நிக்ஸ்தான். ஆனால் ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் அருகருகே தங்குவதால் வட்டும் டேட்டாவும் கரைகின்றன. ஹோசூரில் நல்ல இணைப்போடு வேலை செய்யும் நண்பர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் மாணவருக்கு அல்ல.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு, அதுதான் எங்கள் ஊரில் மிக அதிகம் தொல்லை தருவது. ரேம் குறைந்த இயந்திரத்தில் சி++ நிரலை ஒரே நேரத்தில் பல கூறுகளாகக் கம்பைல் செய்யும்போது நினைவகம் தீர்ந்து, லினக்ஸ் கர்னலே கம்பைலரைக் கொன்றுவிடுகிறது. திரையில் தெரிவது ‘கில்ட்’ என்ற ஒற்றைச் சொல்லும், ‘சிசி1ப்ளஸ்’ என்ற நிரலின் பெயரும்தான். சார்பு எதுவும் குறையவில்லை, மூலநிரலிலும் பிழையில்லை. ஆனால் எந்தப் பேக்கேஜ் மேனேஜரும் இதை மற்றத் தோல்விகளிலிருந்து பிரித்துச் சொல்வதில்லை, குறைந்த இணைவேலைகளோடு தானாக மறுமுறை முயல்வதும் இல்லை. பயனர் சார்புகளைச் சந்தேகித்து, நன்றாக இருக்கும் பேக்கேஜ்களை நீக்கி மீண்டும் இறக்குவார். கர்னலின் பதிவில் நினைவகம் தீர்ந்ததால் கொல்லப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், டெபியனில் ‘டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்’ மாறியில் பேரலல் மதிப்பு, கார்கோவில் ‘கார்கோ_பில்ட்_ஜாப்ஸ்’, நிக்ஸில் ‘கோர்ஸ்’, போர்ட்டேஜில் ‘மேக்ஆப்ட்ஸ்’ ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓர் இணைவேலைக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம் என்று ஜென்டூவின் கையேடு சொல்லும் கணக்கு மற்றவற்றுக்கும் பொருந்தும். 2 ஜிபி மட்டுமே உள்ள மடிக்கணினியில் ஒன்றுக்கு மேல் வைக்காமல், ரேமுக்குத் துணையாக வட்டில் அமையும் ஸ்வாப் கோப்பு ஒன்றையும் சேர்த்து, மின்னிணைப்பில் செருகி, இரவோடு ஓடவிடுவதே எங்கள் மையத்தில் நாங்கள் சொல்லித்தரும் முறை.